வீட்டோடு அடங்காத தீ

1968 மே 16, விடியற்காலை ஐந்தே முக்கால். கிழக்கு லண்டன் கேனிங் டவுனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு திறந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. 18ஆம் மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போட எழுந்து தீக்குச்சியைக் கிழித்தார், வெடித்தது. அடுப்புக்கு வரும் எரிவாயுக் குழாயை இணைத்திருந்த பித்தளை நட்டு தரம் குறைந்தது. அதன் வழியே வாயு கசிந்து அறையை நிறைத்திருந்தது. வெடிப்பு அப்படியொன்றும் பெரிதல்ல. ஆனால் அது மூலைச் சுவரை வெளியே தள்ளிவிட்டது. அந்தச் சுவரை நம்பி நின்ற மேல்மாடிகள் விழுந்தன. விழுந்த பாரத்தைத் தாங்காமல் கீழ்மாடிகளும் சரிந்தன. கட்டடத்தின் ஒரு மூலை முழுக்கத் தரைக்கு வந்தது. நான்கு பேர் இறந்தார்கள். தேநீர் போடப் போனவர் பிழைத்துக்கொண்டார். அவருடைய அடுப்புக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. அடுத்துக் குடிபோன வீட்டுக்கு அதையே எடுத்துப்போனார் என்பார்கள்.

அரசு விசாரணை வைத்தது. 1970இல் கட்டட விதி திருத்தப்பட்டது. ஐந்து மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடத்தில் ஏதோ ஒரு சுவரோ தூணோ போனால் சேதம் அந்த இடத்தோடு நிற்க வேண்டும், கட்டடம் சரியக் கூடாது என்பது திருத்தத்தின் சாரம். கட்டமைப்புப் பொறியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிற பாடம் அது. ரோனன் பாயின்ட்டை வலுப்படுத்தி மறுபடியும் ஆட்களைக் குடிவைத்தார்கள். 1986இல் அதை மாடி மாடியாகப் பிரித்து இறக்கியபோதுதான், கான்கிரீட் பலகைகள் சேரும் இணைப்புகளில் காரை இருக்க வேண்டிய இடத்தில் பழைய செய்தித்தாள் திணித்திருந்தது தெரியவந்தது. விதியைத் திருத்தியாகிவிட்டது. செய்தித்தாளைத் திணித்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டியவர் யார் என்பதற்கு அந்தத் திருத்தத்தில் பதில் இல்லை.

கட்டடத்தில் சாவு விழுந்தால் விதி மாறும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ரோனன் பாயின்ட் அதற்குக் கச்சிதமான உதாரணம்: நான்கு உயிர், இரண்டு ஆண்டு, ஒரு திருத்தம். அதன்பின் 49 ஆண்டு கழித்து மேற்கு லண்டனில் 72 பேரைக் கொன்ற கிரென்ஃபெல் டவர் தீ அந்தக் கணக்கில் சேராது. அங்கே விதி முன்பே இருந்தது. எச்சரிக்கை இருந்தது. சோதனை முடிவு கோப்பில் இருந்தது. எந்த நம்பிக்கையின் மேல் விதி எழுதப்பட்டதோ, அந்த நம்பிக்கை இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்க்க வேண்டியவரின் பெயர் மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு எடுத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு குறையைத்தான்.

அந்த நம்பிக்கை என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிரிட்டனில் குடியிருப்புகள் உயர உயர எழும்பியபோது தீயணைப்புப் படைக்கு ஒரு சிக்கல் வந்தது: ஏணி எட்டாது. 1962இல் வந்த நடைமுறைக் குறியீடு அதற்கு ஒரு வழி சொன்னது. ஒவ்வொரு வீட்டையும் ஒரு கான்கிரீட் பெட்டியாகக் கட்டு; சுவரும் தளமும் ஒரு மணி நேரம் தீயைத் தாங்கட்டும்; அதற்குள் படை வந்து அணைத்துவிடும். உன் வீட்டில் தீ என்றால் நீ வெளியேறு. வேறு வீட்டில் தீ என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இரு. பல மாமாங்கம் இந்த ஏற்பாடு நன்றாகவே பலித்தது. தீப்பிடித்த வீட்டுக்கு இரண்டு மாடி தள்ளி இருந்தவர்கள் தூக்கம் கலையாமலே காலையில் எழுந்த இரவுகள் ஏராளம்.

இந்த ஏற்பாட்டிலிருந்து மற்றவை தாமாகக் கிளைத்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கப்போவதில்லை என்றால் ஒரு குறுகிய படிக்கட்டு போதும். கட்டடம் முழுக்க ஒலிக்கும் அபாய மணி வேண்டாம். மணி அடித்தால் ஆட்கள் படியில் குவிவார்கள், குழாயோடு ஏறி வரும் தீயணைப்பு வீரருக்கு இடைஞ்சல். கூரையிலிருந்து நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரும் அவசியமில்லை. அத்தனையும் ஒரே நிபந்தனையில் தொங்கிக்கொண்டிருந்தன: தீ வெளிச்சுவர் வழியாக ஏறக் கூடாது. வெளிச்சுவர் வெறும் கான்கிரீட்டாக இருந்த காலத்தில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

நார்த் கென்சிங்டனின் லங்காஸ்டர் வெஸ்ட் வளாகத்தில் 1974இல் கட்டி முடிந்த கிரென்ஃபெல் டவர் அந்த இலக்கணப்படி எழுந்தது. 24 மாடி, 67 மீட்டர், ஒரே படிக்கட்டு. படியின் அகலம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். கென்சிங்டன் அண்ட் செல்சி இங்கிலாந்தின் பணக்காரப் பகுதிகளில் ஒன்று. அதன் வடக்கு மூலையில் இருந்த இந்தக் கட்டடத்தில் மொராக்கோ, எரித்ரியா, எத்தியோப்பியா, வங்கதேசம், சிரியா, கரீபியத் தீவுகள் என்று பல திசைகளிலிருந்து வந்த குடும்பங்கள் இருந்தன. பெரும்பாலானவர்கள் கவுன்சிலின் வாடகைதாரர்கள். கவுன்சிலின் சார்பில் கட்டடத்தைக் கவனித்தது ஒரு குடியிருப்பு நிர்வாக அமைப்பு.

நாற்பது வயதான கட்டடத்துக்கு ஏறத்தாழ ஒரு கோடி பவுண்டு செலவில் புதுப்பிப்பு வேலை தொடங்கி 2016இல் முடிந்தது. வீட்டுச் சூடு வெளியே போகாமல் இருக்கச் சுவருக்கு வெப்பக்காப்பு நுரைப் பலகை, அதற்கு முன்னால் ஒரு காற்றிடைவெளி, அதன் முன்னால் அலுமினியத் தகடு, புதிய ஜன்னல்கள். பக்கத்தில் புதிதாக எழுந்த பள்ளியின் அருகே பழைய கான்கிரீட் எடுபடாமல் நின்றது என்பதும் ஒரு காரணம்.

அந்தத் தகட்டை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. மொத்த கனம் நான்கு மில்லிமீட்டர். வெளியே அரை மில்லிமீட்டர் அலுமினியம், உள்ளே அரை மில்லிமீட்டர் அலுமினியம். நடுவில் மூன்று மில்லிமீட்டர் பாலிஎத்திலீன். பிளாஸ்டிக் பை செய்யும் அதே பாலிஎத்திலீன்தான். கச்சா எண்ணெயின் வழித்தோன்றல், பிடித்தால் உருகி ஒழுகிக்கொண்டே எரியும். தமிழ்நாட்டில் கடை முகப்புக்கு அடிக்கும் ஏசிபி ஷீட் என்றால் எல்லோருக்கும் தெரியும், அந்த இனம்தான். நடுப்பகுதியில் தாதுப்பொருள் நிரப்பி, எளிதில் எரியாதபடி செய்யும் வகையும் சந்தையில் உண்டு. விலை சற்றுக் கூடும்.

முதலில் போட்ட திட்டத்தில் துத்தநாகத் தகடு இருந்தது. அதை மாற்றி அலுமினியத் தகடு போட்டால் ஏறத்தாழ 2,93,000 பவுண்டு மிச்சம் என்று ஒப்பந்ததாரர் கணக்குக் கொடுத்தார். மாற்றினார்கள். தகட்டைத் தட்டையாக அறையாமல் ஓரங்களை மடித்துப் பெட்டி போலாக்கிக் கொக்கியில் மாட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆணித்தலை தெரியாது, பார்வைக்கு நேர்த்தி. கட்டடத்தின் உச்சியைச் சுற்றி அதே தகட்டால் செங்குத்துப் பட்டைகளாக ஒரு மகுடமும் வைத்தார்கள். அழகுக்காக வைத்ததுதான். தீ ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்கு ஓடுவதற்கு முக்கியமான பாதையாக அமைந்தது அந்த மகுடம் என்று பின்னால் விசாரணை ஆணையம் கண்டது.

இந்த வகைத் தகடு எப்படி எரியும் என்று யாருக்கும் தெரியாதா? தெரியும். ஆணையத்தின் ஏழு தொகுதி இறுதி அறிக்கையில் மிகவும் சங்கடப்படுத்தும் பக்கங்கள் அவைதான்.

1999இல் ஸ்காட்லாந்தின் இர்வின் நகரில் கார்னக் கோர்ட் என்ற கட்டடத்தில் வெளிப்பூச்சுப் பலகை வழியாகத் தீ சில நிமிடங்களில் பல மாடி ஏறியது, ஒருவர் இறந்தார். நாடாளுமன்றக் குழு ஒன்று அதை ஆராய்ந்து, பல உயிர்கள் போகும் வரை காத்திருக்க வேண்டாம் என்ற பொருளில் எழுதிவைத்தது. ஸ்காட்லாந்து தன் விதியை இறுக்கிக்கொண்டது. இங்கிலாந்தில் வெளிச்சுவருக்குப் பழைய 'கிளாஸ் 0' என்ற தேசியத் தர வகுப்பு தொடர்ந்தது. அது பொருளின் மேற்பரப்பில் தீ எப்படிப் பரவுகிறது என்பதைப் பார்க்கும் வகுப்பு. அலுமினிய மேற்பரப்பு அதில் சுலபமாகத் தேறிவிடும். உள்ளே இருக்கும் மூன்று மில்லிமீட்டரைப் பற்றி அந்தச் சோதனைக்கு அக்கறை இல்லை. 2001இல் அரசே செலவழித்து நடத்திய பெரிய அளவுச் சோதனையில், கிளாஸ் 0 தேறிய பாலிஎத்திலீன் தகடு சில நிமிடங்களிலேயே மூர்க்கமாக எரிந்தது. அந்த முடிவு வெளியிடப்படவில்லை. கிளாஸ் 0 வழிகாட்டியிலிருந்து நீக்கப்படவும் இல்லை.

தயாரிப்பாளர்கள் தரப்பு இன்னும் மோசம். தகடு செய்த ஆர்கோனிக் நிறுவனம், மடித்து மாட்டும் முறையில் அது மிகமிக ஆபத்தாக எரிகிறது என்பதைத் தன் சோதனைகளிலேயே கண்டிருந்தும் சந்தைக்கு மறைத்தது என்றது ஆணையம். நுரைப் பலகை விற்ற செலோடெக்ஸ், 2014இல் நடத்திய சோதனையில் எரியாத மக்னீசியம் ஆக்சைடு பலகைகளை இடையில் சேர்த்துத் தேறிவிட்டு, அதைச் சொல்லாமல் பொருளை உயர்மாடிக்கு ஏற்றதென்று விற்றது. கிங்ஸ்பான், 2005இல் ஒரு குறிப்பிட்ட சுவரமைப்புக்குக் கிடைத்த சோதனை முடிவை, பொருளின் செய்முறை மாறிய பின்னும் ஆண்டுக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தது. 'திட்டமிட்ட நேர்மையின்மை' என்பதற்குக் குறைந்த எந்தச் சொல்லும் ஆணையத்துக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

வெளிநாட்டு உதாரணங்களும் கைவசம் இருந்தன. 2014 நவம்பரில் மெல்போர்னின் லக்ரோஸ் கட்டடத்தில் பால்கனியில் அணையாத சிகரெட் ஒன்று இதே வகைத் தகட்டைப் பற்றி நிமிடங்களில் உச்சிக்கு ஏறியது. உள்ளே ஸ்பிரிங்க்ளர் வேலை செய்ததால் யாரும் சாகவில்லை. 2015 டிசம்பர் 31 இரவில் துபாயின் அட்ரஸ் ஹோட்டல் எரிவதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. கட்டடத் தொழிலில் இருப்பவர் எவரும் இவற்றைக் கேள்விப்படவில்லை என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் நெருங்கிய எச்சரிக்கை லண்டனுக்குள்ளேயே கிடைத்தது. 2009 ஜூலை 3 அன்று கேம்பர்வெல்லின் லகனால் ஹவுஸ் என்ற 14 மாடிக் கட்டடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் தொடங்கிய தீ, ஜன்னலடிப் பலகைகளை எரித்து வெளிவழியே பரவி, 11ஆம் மாடியில் உள்ளேயே இருக்கும்படி சொல்லப்பட்டவர்களைக் கொன்றது. மூன்று குழந்தைகள் உட்பட ஆறு பேர். மரண விசாரணை அதிகாரி 2013இல் அமைச்சருக்கே எழுதினார்: தீப் பாதுகாப்பு வழிகாட்டி புரியும்படியாக இல்லை, திருத்துங்கள், பழைய உயர்மாடிகளில் ஸ்பிரிங்க்ளர் வைக்க ஊக்கப்படுத்துங்கள். அப்போது ஆட்சியில் இருந்தவர்களின் முழக்கமோ விதிகளைக் குறைப்பது. ஒரு புது விதி கொண்டுவந்தால் பழையது ஒன்றை விலக்க வேண்டும். பிறகு இரண்டை விலக்க வேண்டும் என்றார்கள். வழிகாட்டித் திருத்தம் வரவில்லை. லகனால் ஹவுஸின் உரிமையாளரான சதர்க் கவுன்சிலுக்கு அபராதமும் வழக்குச் செலவுமாக 5,70,000 பவுண்டு விதித்த தீர்ப்பு 2017 பிப்ரவரியில் வந்தது. கிரென்ஃபெல் எரிய அப்போது நான்கு மாதம் பாக்கி.

2017 ஜூன் 14, நள்ளிரவு தாண்டி 12.54. கிரென்ஃபெல்லின் நான்காம் மாடி 16ஆம் எண் வீட்டிலிருந்து தீயணைப்புப் படைக்கு அழைப்பு. சமையலறையில் குளிர்பதனப் பெட்டி எரிகிறது. அந்த வீட்டுக்காரர்மேல் எந்தத் தவறும் இல்லை என்று ஆணையத்தின் தலைவர் சர் மார்ட்டின் மூர்-பிக் தெளிவாக எழுதியிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் முதல் வண்டி வந்துவிட்டது. 1.09க்குத் தீ சமையலறை ஜன்னலின் பிளாஸ்டிக் ஓரங்கள் வழியாக வெளித்தகட்டுக்குத் தாவியது. வீரர்கள் சமையலறைக்குள் முதன்முறை நுழைந்தது 1.14க்கு. அதாவது, அவர்கள் அணைக்கப் போன தீ அங்கே மட்டும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மேலேறிக்கொண்டிருந்தது. 1.27க்கு உச்சியைத் தொட்டது. நான்காம் மாடியிலிருந்து உச்சிக்கு ஏற அதற்கு 20 நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அங்கிருந்து மகுடத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஓடி, கீழ்நோக்கியும் இறங்கியது.

கட்டடத்துக்குள் ஏறத்தாழ 300 பேர். 1.40 மணிவாக்கில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். பலர் தாமாகவே, சொன்னதைக் கேட்காமல். மீதிப் பேரில் பலர் தொலைபேசியில் உதவி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்முனையில், வழக்கமான இடத்தில் அல்லாமல் ஸ்ட்ராட்ஃபோர்டின் மாற்று அறையில் அன்று வேலைபார்த்த கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்கள், தாங்கள் பயின்றபடி உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர் என்ற விவரம் கட்டடத்தடிக்கு வந்து, சீட்டுகளில் எழுதப்பட்டு, கைமாறி, சில சமயம் சுவரில் கிறுக்கப்பட்டு மாடிக்குப் போனது. புகை கீழிருந்து ஏறியதால் சிலர் மேலே, மேலே என்று போய் 23ஆம் மாடியில் சேர்ந்தார்கள்.

2.35க்குக் கட்டுப்பாட்டு அறை, இனி அழைப்பவர்களை வெளியேறச் சொல்வதென்று முடிவெடுத்தது. 2.47க்கு, சற்றுமுன் வந்து களப் பொறுப்பேற்ற உதவி ஆணையர் ஆண்டி ரோ, உள்ளே இருக்கச் சொல்லும் அறிவுரையை ரத்து செய்தார். ஒருவர் எடுத்த முடிவு மற்றவருக்குத் தெரியாது. 1.30க்கும் 1.50க்கும் இடையிலேயே அந்த முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். எடுத்திருந்தால் கூடுதல் உயிர்கள் பிழைத்திருக்கும் என்பது மூர்-பிக்கின் கணிப்பு. அன்று கட்டடத்தில் வசித்த 37 மாற்றுத்திறனாளிகளில் 15 பேர் இறந்தார்கள். மொத்தம் 72 பேர். அதில் 18 குழந்தைகள்.

ஆணையம் அந்த இரவை முதலில் விசாரித்து 2019 அக்டோபரில் அறிக்கை தந்தது. அந்த இரவுக்கான காரணங்களை விசாரித்து முடிக்க 2024 செப்டம்பர் 4 வரை ஆனது. ஏணியோடு வந்தவர்களைப் பற்றிய தீர்ப்பு, தகட்டோடு வந்தவர்களைப் பற்றிய தீர்ப்புக்கு ஐந்து ஆண்டு முந்திவிட்டது. உயிர்பிழைத்தவர்களில் பலர் இந்த வரிசையை ஏற்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

இனி விதியின் கதை. இங்கிலாந்துக் கட்டட விதியில் வெளிச்சுவர் பற்றி இருந்தது ஒரே வாக்கியம்: கட்டடத்தின் உயரத்தையும் பயனையும் பொறுத்து அது தீப் பரவலைப் போதுமான அளவு தடுக்க வேண்டும். கிரென்ஃபெல்லின் சுவர் அதைத் தடுக்கவில்லை, வளர்த்தது. ஆகவே விதி மீறப்பட்டது என்று 2019 அறிக்கையே சொல்லிவிட்டது. மீறியவர் யார் என்று கேட்டபோதுதான் வேடிக்கை. கட்டடக் கலைஞர், தீப் பொறியாளர் பார்த்திருப்பார் என்றார். தீப் பொறியாளரான எக்சோவா நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, வெளிவழித் தீப் பரவலில் புதுப்பிப்பு வேலையால் பாதகம் இருக்காது, அடுத்த பதிப்பில் உறுதி செய்யப்படும் என்றது. அந்த அடுத்த பதிப்பு வரவேயில்லை. வரவில்லையே என்று யாரும் கேட்கவும் இல்லை. முகப்பு வேலை செய்த துணை ஒப்பந்ததாரர், கவுன்சிலின் கட்டட ஆய்வாளர் அனுமதிப்பார் என்று இருந்தார். ஆய்வாளர், இத்தனை நிபுணர்கள் பார்த்த வேலைதானே என்று இருந்தார். 2016 ஜூலையில் நிறைவுச் சான்றிதழும் வழங்கப்பட்டது.

டேம் ஜூடித் ஹாக்கிட் தலைமையில் அரசு அமைத்த ஆய்வு 2018 மே மாதம் வெளியானபோது பலருக்கு ஏமாற்றம். எரியும் தகட்டைத் தடைசெய்யச் சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் அதைச் சொல்லவில்லை. பொருளை மாற்றுவதைவிட முறையை மாற்றுவதே முக்கியம், யார் எதற்குப் பொறுப்பு என்பதை நிறுவுங்கள் என்பது அவர் வாதம். அறிக்கை வந்த நாளே அரசு, தடை குறித்துக் கருத்துக் கேட்கப்போவதாக அறிவித்தது. இரண்டு தரப்பும் சரி என்றுதான் சொல்ல வேண்டும். 2018 டிசம்பர் முதல் 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள்களுக்குத் தடை வந்தது. 2022இல், பாலிஎத்திலீன் நடுப்பகுதித் தகட்டுக்கு உயரம் எதுவானாலும் புதிய கட்டடத்தில் இடமில்லை என்றானது. ஸ்பிரிங்க்ளர் கட்டாயமாகும் உயரம் 2020இல் 30 மீட்டரிலிருந்து 11 மீட்டராக இறங்கியது. 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளுக்கு இரண்டாவது படிக்கட்டு வேண்டும் என்ற வழிகாட்டிக்கு 2026 செப்டம்பர் 30 தேதி குறிக்கப்பட்டது.

18 மீட்டர் என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய தீயணைப்பு ஏணி எட்டும் உயரத்தோடு உறவுள்ள எண் அது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம். தீக்கு இந்த அளவுகோல் தெரியாது; 17 மீட்டர் முதியோர் இல்லம் 20 மீட்டர் வாலிபர் விடுதியைவிட ஆபத்தானதாக இருக்கலாம். உயரத்தை மட்டும் வைத்து ஆபத்தைத் தீர்மானிப்பது பொருந்தாது, யார் வசிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2024 அறிக்கையும் சொன்னது.

ஹாக்கிட் கேட்டது 2022ஆம் ஆண்டு கட்டடப் பாதுகாப்புச் சட்டமாக வந்தது. 18 மீட்டர் அல்லது ஏழு மாடியைத் தொடும் குடியிருப்புகளுக்கென்று தனி ஒழுங்குமுறை அமைப்பு. திட்ட அனுமதிக்கு முன், வேலை தொடங்கும் முன், குடிபுகும் முன் என மூன்று வாசல். நடு வாசலில் ஒப்புதல் இல்லாமல் ஒரு செங்கல்லும் வைக்க முடியாது. துத்தநாகத்துக்குப் பதில் அலுமினியம் என்று பாதியில் மாற்றுவதானால் அதற்கும் ஒப்புதல் வேண்டும். கட்டடத்தின் முழு விவரமும் மின்னணுப் பதிவில் தொடர்ந்து இருக்க வேண்டும். குடியிருப்பு நடக்கும் காலம் முழுதும் ஒரு பொறுப்பாளர், பெயரோடு, சட்டத்தின் முன் நிற்க வேண்டும். இன்னொரு விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உயர்மாடி வாசலில் பூட்டிய தகவல் பெட்டி, அதில் மாடித் திட்டப் படங்கள், மாடி எண் புகையிலும் தெரியும்படி படிக்கட்டில் பலகை, மாதாமாதம் லிஃப்ட் சோதனை. கிரென்ஃபெல்லில் லிஃப்டைத் தம் கட்டுப்பாட்டில் எடுக்கும் சாவி வீரர்களுக்கு வேலை செய்யவில்லை. பல வீட்டுக் கதவுகள் தாமாக மூடவில்லை, புகை வராந்தாவுக்கு வந்தது. அதனால் மாடி வராந்தாக் கதவுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வீட்டு வாசல் கதவுகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை. எந்த விதியை எடுத்தாலும் அந்த இரவின் ஒரு நிமிடத்தோடு பொருத்திப் பார்க்கலாம்.

புதிய கட்டடத்துக்கு விதி எழுதுவது எளிது. ஏற்கெனவே நிற்பவற்றை என்ன செய்வது? நாடெங்கும் தகடுகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியதும், நீண்ட காலக் குத்தகையில் வீடு வாங்கியிருந்த லட்சக்கணக்கான நடுத்தரக் குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. வெளிச்சுவர்ச் சான்று இல்லாத வீட்டுக்கு வங்கி கடன் தராது. கடன் கிடைக்காத வீட்டை விற்க முடியாது. சில வீடுகளின் மதிப்பைப் பூஜ்யம் என்று எழுதினார்கள். தகடு மாற்றும் வரை இரவு பகலாக மாடிதோறும் ரோந்து சுற்றித் தீ தெரிந்தால் கதவைத் தட்டும் காவலர்களுக்குச் சம்பளமும் குடியிருப்பவர் தலையில். தகட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் எங்கோ இருக்க, வீட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் பணம் கட்டினார்கள். கட்டியவர்களே செலவை ஏற்க வேண்டும் என்று அரசு அழுத்தம் கொடுக்கத் தொடங்கியது 2022இல்தான். அதே ஆண்டுச் சட்டம், பழைய குறைபாடுகளுக்கு வழக்குப் போடும் காலக்கெடுவை 30 ஆண்டு பின்னோக்கி நீட்டியது. இது சாதாரண விஷயம் அல்ல. ஆனாலும் 2024 நவம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது, ஆபத்தான தகடு போர்த்திய கட்டடங்களில் 60 சதவீதம் வரை இன்னும் அடையாளமே காணப்படாமல் இருக்கக்கூடும் என்றது. சீர்செய்ய மொத்தச் செலவு 1,660 கோடி பவுண்டு ஆகலாம் என்பது மதிப்பீடு.

புதிய ஒழுங்குமுறை அமைப்பும் இழுபறிக்குத் தப்பவில்லை. நடு வாசலில் 12 வாரத்தில் முடிய வேண்டிய கோப்புகள் மாதக்கணக்கில் தேங்கின. கட்டுமானம் நிற்கிறது, வீடு கிடைக்கவில்லை என்று குரல் எழுந்தது. 2025 ஜூனில் அரசு அந்த அமைப்பை, அது சார்ந்திருந்த நிர்வாகத்திலிருந்து தனியாகப் பிரிப்பதாக அறிவித்து, அதன் தலைமைக்கு ஒருவரை நியமித்தது: 2.47 முடிவை எடுத்த அதே ஆண்டி ரோ. இடையில் அவர் லண்டன் தீயணைப்புப் படைக்கே ஆணையராக இருந்துவிட்டார். வேகப்படுத்தச் சொல்லி அவரை அனுப்பியிருக்கிறார்கள். வேகத்துக்காகக் கேள்விகளைக் குறைக்கும் பழக்கம் பிரிட்டனுக்கு உண்டு என்பதால் இதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. இந்த ஆபத்து பிரிட்டனோடு நிற்கவும் இல்லை. 2025 நவம்பரில் ஹாங்காங்கின் தாய் போ பகுதியில் பராமரிப்பு வேலை நடந்த வாங் ஃபுக் கோர்ட்டின் ஏழு கட்டடங்கள் எரிந்து 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கும் பேசப்பட்டது ஜன்னல்களை மூடியிருந்த நுரைப் பலகையும் சாரத்தைப் போர்த்தியிருந்த வலையும்தான். கட்டடத்துக்கு வெளியே பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

குற்ற வழக்கு தனிக் கதை. 2026 இறுதிக்கு முன் யார்மீதும் குற்றம் சாட்டும் முடிவு வராது என்று லண்டன் பெருநகரக் காவல்துறை 2024 மே மாதம் சொல்லிவிட்டது. ஒன்பது ஆண்டு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நீளம் என்று எந்த அறிக்கையும் அளக்கவில்லை.

கடைசியாக, மிகவும் தாமதமான விதி. தானாகப் படி இறங்க முடியாதவர்களுக்கு ஆளுக்கொரு வெளியேற்றத் திட்டம் வேண்டும் என்று 2019 அறிக்கை கேட்டது. 2022 மே மாதம் அரசு மறுத்தது. செலவு, நடைமுறைச் சிரமம் என்று காரணம் காட்டியது. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போனார்கள். ஆட்சி மாறிய பின் 2025இல் விதி எழுதப்பட்டு, 2026 ஏப்ரல் 6 நடைமுறைத் தேதியாக வைக்கப்பட்டது. உதவி தேவைப்படும் குடியிருப்பாளரைக் கட்டடப் பொறுப்பாளர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் சம்மதித்தால் உட்கார்ந்து பேசி, தீ நேரத்தில் என்ன செய்வது என்பதை எழுதிவைக்க வேண்டும். அந்த விவரம் வாசலில் இருக்கும் பூட்டிய பெட்டிக்குள் போக வேண்டும். இரவு இரண்டு மணிக்கு 20ஆம் மாடிக்கு ஏறி அவரைத் தூக்கி வருவதற்குக் கட்டடத்தில் ஆள் வைக்க வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. அந்த வேலை, முன்போலவே, தீயணைப்புப் படையின் கணக்கில் இருக்கிறது.